விரால் வயிற்றில் ஆண் புழு

என் மனைவி முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் மீன் வயிற்றுப் புழு. கல்யாண வீடுகளில் யாராவது "டீச்சர் எதுல ஆராய்ச்சி பண்ணுதாங்க?" என்று கேட்டால், பந்தியில் உட்கார்ந்திருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் நான் பதில் சொல்வேன். ஒருமுறை பார்க்காமல் சொல்லிவிட்டேன். பக்கத்து இலைக்காரர் அதன்பிறகு மோர்கூட வாங்கவில்லை.

அவள் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிறாள். நான் அதே ஊரில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அவளுக்கு ஆராய்ச்சி ஆசை வந்தது. வகுப்பும் வீடும் போக மிஞ்சிய நேரத்தில் செய்வதாகப் பதிவு செய்துகொண்டாள். மகள் படிப்புக்காக வெளியூர் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் மீனும் புழுவும் சேர்ந்துகொள்ளும்.

முதல் மூன்று வருடம் அந்த ஆராய்ச்சியில் எனக்கு ஒரு இடம் இருந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, பின்னால் நான் செய்தது அத்தனையும் அந்த இடத்துக்காகத்தான். எந்தக் குளத்தில் தண்ணீர் குறைகிறது, எங்கே விரால் பிடிக்கிறார்கள் என்று விசாரிப்பது நான். விடிந்ததும் ஸ்கூட்டரில் மூடி போட்ட வாளியை வைத்து அவளை ஏற்றிக்கொண்டு போவது நான். கொற்கைக் குளத்துக்குக்கூடப் போயிருக்கிறோம். அந்த ஊருக்கு முத்து விளைந்த இடத்தைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். நாங்கள் வாளியோடு போய் இறங்கி, புழு உள்ள மீன் வேண்டும் என்று கேட்டோம். குளத்தங்கரையில் நின்றவர் என்னை விட்டுவிட்டு அவளிடம், "அண்ணாச்சிக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உயிர் விராலைச் சாம்பல் போட்டுப் பிடிப்பது நான். வயிற்றைக் கீறுவதும் நான்தான். அவள் உள்ளே பார்ப்பாள். குடலை ஒரு தட்டில், ஈரலை ஒரு தட்டில் என்று பிரித்து வைத்து லென்சோடு குனிவாள். நாங்கள் தேடியது ரத்தச் சிவப்பில் விரல் நீளத்துக்கு இருக்கும் ஓர் உருளைப்புழு. மீனின் வயிற்றுக்குள் குடலுக்கு வெளியே நூல் சிக்கு மாதிரி சுருண்டு கிடக்கும். மீனை நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் நமக்கு ஒன்றும் செய்யாது என்று அவள் நூறு பேரிடமாவது சொல்லியிருப்பாள். ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை.

முதல் புழுவைப் பார்த்தது நான். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஏய், இங்கன பாரு" என்று கத்தினேன். அவள் வந்து பார்த்துவிட்டு, மீன் ரத்தம் படிந்த கையோடு என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கல்யாணமான இருபத்தி இரண்டு வருடத்தில் அவள் என்னை அப்படி உலுக்கியது கிடையாது. நான் பதவி உயர்வு பெற்ற அன்றைக்கு "நல்லது" என்றாள், அவ்வளவுதான்.

இன்னொரு வேலையும் என் இலாகாவில் இருந்தது. மீனுக்குள் இருக்கிற வரைக்கும் புழு அந்த உடம்பின் உப்புக்குப் பழகியது. வெளியே எடுத்து வெறும் தண்ணீரில் போட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து, புழு ஊதி, தோல் கிழிந்துவிடும். அதனால் அளந்து உப்புப் போட்ட தண்ணீரில்தான் எடுக்க வேண்டும். பிறகு அதைச் சூடான ஆல்கஹாலில் போட்டால் நீட்டி நிமிர்ந்து நிற்கும், அப்படியே காலத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். அந்த உப்புத் தண்ணீரைத் தயாரிப்பது நான். சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, சின்னத் தராசில் உப்பை நிறுத்துப் போட்டு, கழுவிக் காயவைத்த பாட்டில்களில் ஊற்றி, தேதி ஒட்டி வைப்பேன். அலுவலகத்தில் கோப்புகளுக்கு நான் அத்தனை ஒழுங்காகத் தேதி போட்டதில்லை.

மூன்று வருடத்தில் நிறையப் புழு கிடைத்தது. எல்லாம் பெண் புழுக்கள். ஆண் ஒன்றுகூட இல்லை. இங்கேதான் சிக்கல். அந்த ஜாதிப் புழுவில் பெண் விரல் நீளம் என்றால் ஆண் ஒரு அரிசி நீளம்கூட இருக்காதாம். தலைமுடித் துண்டு போல வெளுப்பாக இருக்குமாம். பெண்ணோடு கூடிய பிறகு பெரும்பாலும் செத்துப்போய்விடுமாம். ஆனால் அதன் வால் நுனியில் இரண்டு முள் இருக்கும். அந்த முள்ளின் நீளத்தையும் வளைவையும் பார்த்தால்தான் இது இன்ன இனம் என்றோ, இதுவரை யாரும் எழுதாத இனம் என்றோ சொல்ல முடியும். பெண் புழுவை மட்டும் வைத்து எழுதினால் பாதிக் கிணறுதான். "ஒரு ஆண் போதும்ங்க, ஒண்ணே ஒண்ணு" என்பாள். அந்த ஒன்று கிடைத்தால் அவள் அதற்குப் பேர் வைக்கலாம்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, "சுருக்கமா சொல்லும். பொம்பளை பெருசா கண்ணுக்குத் தெரியுதா, ஆம்பளை இருக்கானா இல்லையான்னே தெரியல. உம்ம வீட்டுக் கதைதானவே?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல். அவள் பேருந்து ஏறித் தனியாக மீன் வாங்கப் போனாள். வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் காலையில் மட்டும் பத்துப் பன்னிரண்டு பேர் மீன் வைத்திருப்பார்கள். உயிர் விரால் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். வாங்குகிறவர்களுக்கு வெட்டிக் கொடுக்க ஒரு பெண் பலகை போட்டு அரிவாள்மனையோடு உட்கார்ந்திருப்பார். என் மனைவி வயதுதான் இருக்கும். அவரை என் மனைவி அன்றே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நானும் இங்கே அக்கா என்றே எழுதுகிறேன். மனசுக்குள் வேறொரு பேர் வைத்திருந்தேன், அது எழுதத் தக்கதல்ல.

அன்று மத்தியானம் அவள் ஒரு கண்ணாடி டம்ளரோடு வீட்டுக்கு வந்தாள். உள்ளே ஏழு புழு. நான் போர்வைக்குள் இருந்து எழுந்து உட்கார்ந்தேன்.

"அக்காவுக்கு இது புதுசே இல்லீங்க. தெனமும் வருதாம். 'இந்தச் செவப்புப் புழுவா டீச்சர், இதையா தேடுதீங்க? நான் தூக்கித் தூக்கிப் போட்டுருதேன்லா'ங்காங்க" என்று அவள் சொல்லிச் சிரித்தாள். சொன்னபோது அவளுடைய கையும் அந்த அக்காவின் கை மாதிரி குப்பைக்கு வீசிக் காட்டியது.

ஏழு! நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மூன்று மாதம் அலைந்து நாலு கண்டுபிடித்த காலம் உண்டு.

நியாயமாகப் பார்த்தால் இதில் கோபப்பட எதுவும் இல்லை. ஒரு காலையில் அவர் அறுபது எழுபது மீன் வெட்டுவார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து. ஆனால் எண்ணிக்கை மட்டும் என்றால் நான் பொறுத்திருப்பேன். அவருக்குக் கண் இருந்தது. ஆற்று மீனில் இந்தப் புழு கம்மி, குளத்து மீனில் அதிகம், அதுவும் தண்ணீர் வற்றிய பிறகு பிடித்ததில்தான் அதிகம் என்று அவர் மீன் செதிலைச் சீவிக்கொண்டே சொன்னார். மூன்று வருடம் ஸ்கூட்டரில் பெட்ரோல் எரித்து நாங்கள் வரைபடம் போட்டுத் தெரிந்துகொண்டது அதுதான். குட்டிப் புழுவைத் தின்ற தண்ணீர்ப் பூச்சியை மீன் தின்கிறது, தண்ணீர் சுருங்கினால் மீனும் பூச்சியும் ஒரே இடத்தில் நெருங்குகின்றன என்று என் மனைவி காரணம் சொன்னாளாம். "அதான பாத்தேன்" என்று மட்டும் அந்த அக்கா சொன்னாராம். இதை அவள் என்னிடம் நாலு தடவை சொன்னாள்.

அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு தொடங்குமுன் அவளே பேருந்தில் அங்கே போய்வர ஆரம்பித்தாள். என் ஸ்கூட்டருக்கு வேலை குறைந்தது. பிறகு எங்கள் வீட்டு அரிவாள்மனைக்கும் வேலை போயிற்று, மீன் வெட்டித்தானே வருகிறது. வாளியை மனைவி துணி ஊறவைக்க எடுத்துக்கொண்டாள். ஒருநாள் அவளுடைய குறிப்பு நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் "அக்கா சொன்னது", "அக்கா பார்த்தது" என்று இருந்தது. முன் பக்கங்களில் நான் கண்டுபிடித்த புழுக்கள் எங்கே என்று தேடினேன். தேதியும் குளத்தின் பேரும் இருந்தன. யார் கண்டுபிடித்தது என்று இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஆண் மேல் என்றால் இந்தப் பொறாமைக்கு ஊரில் ஒரு மரியாதையாவது உண்டு. மீன் வெட்டுகிற அக்காவின் மேல் பொறாமை என்று எவனிடம் போய்ச் சொல்வது? பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னால் அலுவலகம் முழுக்க ஒரு வாரத்துக்கு அதுதான் பேச்சாக இருக்கும்.

சின்னச் சின்னதாகக் காட்டினேன். "உன் சேலையில மீன் வாடை அடிக்கி" என்றேன். "மூணு வருசமா உங்க சட்டையில அடிச்சது என்னதாம்?" என்று கேட்டுவிட்டு அவள் சேலையைக் கொடியில் போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அக்கா தூக்குவாளியைத் திறந்து பழைய சோற்றில் ஒரு கவளம் எடுத்து நீட்ட, என் மனைவி அந்தக் கையிலிருந்தே வாங்கிச் சாப்பிட்டாள். வீட்டில் என் தட்டிலிருந்து ஒரு அப்பளத்தைக்கூட எடுக்க மாட்டாள், எச்சில் என்பாள். சந்தில் எல்லோரும் என்னை "டீச்சர் வீட்டு அண்ணாச்சி" என்று கூப்பிட்டார்கள். "டீச்சர் வீட்டு அண்ணாச்சிக்கு ஒரு ஸ்டூலு போடுங்கப்பா" என்று அந்த அக்கா மரியாதையாகத்தான் சொன்னார். ஸ்டூலைச் சந்தின் மறு ஓரத்தில் போட்டார்கள்.

கோபத்தில் ஒரு சனிக்கிழமை உப்புத் தண்ணீர் தயாரிக்காமல் இருந்தேன். பாட்டில்கள் காலியாக வரிசையில் நின்றன. கேட்பாள், கேட்டதும் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுச் செய்யலாம் என்று காத்திருந்தேன். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. அவள் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் நானே, "உப்புத் தண்ணிக்கு என்ன செய்யுத?" என்று கேட்டேன்.

"அக்காவே கலக்கிருதாங்க. நாக்குல வச்சா கண்ணீர் எவ்வளவு கரிக்குமோ அவ்வளவு கரிச்சாப் போதும்னு சொல்லிக்குடுத்தேன். சரியா இருக்கு."

எனக்கு அவள் தராசு கொடுத்தாள், அளவு எழுதித் தந்தாள். கண்ணீர்க் கணக்கை என்னிடம் சொன்னதே இல்லை. அன்று நான் ராச்சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு பசி தாங்காமல் அவள் குளிக்கப் போனபோது எடுத்துத் தின்றேன்.

அந்தக் கோடையில் அவள் விடைத்தாள் திருத்த மதுரைக்கு மூன்று நாள் போனாள். திருத்தும் அறைக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். இரண்டாம் நாள் காலையில் அலுவலகத்துக்குப் போகுமுன் அந்தச் சந்துக்குப் போனேன். மீன் வாங்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அக்கா என்னைப் பார்த்ததும் அரிவாள்மனையை மடக்கிவிட்டு எழுந்தே விட்டார்.

"அண்ணாச்சி, நல்லவேளை வந்தீங்க. டீச்சருக்குப் போன் அடிச்சு அடிச்சுப் பாக்குதேன், எடுக்கல. இன்னா, இத மெதுவா வாங்கிக்கிடுங்க. சிந்தீராதீங்க."

ஒரு ஊறுகாய் டப்பா. உள்ளே கலங்கலான தண்ணீர்.

"காத்துப்பையப் பாருங்கன்னு டீச்சர் சொன்னாங்கல்லா. ஒரு மாசமா ஒவ்வொரு விரால்லயும் அந்தப் பைய எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்குதேன். இன்னைக்கு ஒண்ணுல நூலு மாதிரி நெளிஞ்சுது. டீச்சர் தேடுதது அதுதான்னு நெனைக்கேன். உப்பு போட்டுருக்கேன்" என்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

விராலின் முதுகெலும்பை ஒட்டி நீளமாக ஒரு காற்றுப்பை இருக்கும். வெட்டும்போது எல்லோரும் குடலோடு சேர்த்து அதைத் தூர எறிந்துவிடுவார்கள். ஆண் புழு அதன் சுவரில் இருக்கலாம் என்று என் மனைவி எங்கேயோ படித்து, அதை அந்த அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு மாதத்துக்கு முன்னால். என்னிடம் சொல்லவில்லை.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தேன். வாசல் வெளிச்சத்தில் வைத்து லென்ஸால் பார்த்தேன். மீன் ரத்தமும் செதிலும் கலந்த தண்ணீரில், வெளுப்பாக, அரிசி நீளத்தில் ஒரு நூல் துண்டு வளைந்து நிமிர்ந்தது. உயிரோடு இருந்தது. இதற்காகத்தான் மூன்றரை வருடம். சந்தோஷம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. இதைக் கண்டுபிடித்தவன் நானாக இருந்திருக்க வேண்டும் என்று இருந்தது.

பிறகு நினைத்தேன், ஏன் நானாக இருக்கக் கூடாது? அவளுக்குத் தெரியாது. நான் விரால் வாங்கி வந்தேன், வெட்டினேன், காற்றுப்பையைப் பார்த்தேன் என்று சொன்னால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பது அப்போது என் மூளைக்குள் வரவே இல்லை. அவள் என் தோளைப் பிடித்து உலுக்குவாள் என்பது மட்டும்தான் வந்தது.

அப்படிச் சொல்ல வேண்டும் என்றால் அது ஊறுகாய் டப்பாவில் இருக்கக் கூடாது. என்னுடைய கண்ணாடிக் குப்பியில், தெளிந்த தண்ணீரில், என் கையெழுத்தில் தேதியோடு இருக்க வேண்டும். குப்பியை எடுத்தேன். உப்புத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தால் காலி. எல்லாப் பாட்டிலும் காலி. நான்தானே தயாரிப்பதை நிறுத்தினேன். கொதிக்க வைத்து ஆற்றி நிறுத்துப் போட அரைமணி ஆகும், அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. உப்பு டப்பா அடுப்படியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுத்துக் கண்ணீர் அளவுக்குக் கலக்கியிருக்கலாம். அது அந்த அக்காவின் முறை. எனக்கு அது வேண்டாம்.

குடத்திலிருந்து தண்ணீரைக் குப்பியில் ஊற்றினேன். ஆற்றுத் தண்ணீர்தானே, மீனும் தண்ணீரில் கிடந்ததுதானே, கொஞ்ச நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு பேச்சு ஓடியது. அந்தப் பேச்சு பொய் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி மூன்று வருடம் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். தெரிந்தேதான் தூரிகையால் புழுவை எடுத்து அதில் விட்டேன்.

அது முதலில் வேகமாக நெளிந்தது. நான் ஒட்டுத்தாளில் தேதி எழுதிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் நெளிவது நின்றுவிட்டது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். வால் பக்கம் பிய்ந்து, வெள்ளையாகப் புகைபோல ஏதோ தண்ணீரில் கலைந்துகொண்டிருந்தது. அவசரமாக ஆல்கஹாலைச் சூடாக்கி ஊற்றினேன். அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒட்டுத்தாளைக் கிழித்துப் போட்டேன்.

"அக்கா நேத்து போன் அடிச்சிருக்காங்க, திருப்பி அடிச்சா எடுக்கல" என்று சொல்லிக்கொண்டே அவள் வந்தாள். நான் குப்பியை நீட்டி, "உன் அக்கா குடுத்தாங்க" என்றேன். நாசமாகும்வரை என்னுடையதாக இருந்த புழுவை, நாசமான பிறகு உரியவரிடம் ஒப்படைத்துவிட்டேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் லென்ஸை எடுத்தாள். நான் தொடர்ந்து சொன்னேன், "வெறும் தண்ணியில போட்டுக் குடுத்துட்டாங்க. நான் பாத்ததும் ஆல்கஹால்ல மாத்துனேன்."

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா தண்ணியிலயா போட்டாங்க?"

"ஆமா."

"சரி" என்றாள்.

மறுநாள் கல்லூரிக்குக் கொண்டுபோய் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். கைகால் கழுவினாள், காப்பி போட்டாள், எனக்கும் ஒரு டம்ளர் தந்தாள். "ஆண்தான். வால் இல்ல. முள்ளு ரெண்டும் போச்சு. அளக்கதுக்கு எதுவும் இல்ல" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதற்கு வேண்டிய வார்த்தைகளை எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நானும் வருகிறேன் என்று சொல்லி ஸ்கூட்டரை எடுத்தேன். அவள் போய்க் கேட்பாள், அந்த அக்கா உப்பு போட்டேனே என்பார், நான் அங்கே இருந்தால் குறுக்கே விழுந்து எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்பது என் திட்டம்.

அந்த அக்கா எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். "டீச்சர், அதுதானா?" என்று கத்தினார். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

என் மனைவி அவர் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அதேதான்க்கா. மூணு வருசமா நான் பாக்காதத நீங்க பாத்துட்டீங்க" என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா நான் கெடுத்துட்டேன். ஊர்ல இருந்து வந்த அவசரத்துல வெறும் தண்ணியில போட்டுட்டேன். வால் பிஞ்சு போச்சு" என்றாள்.

நான் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஐயய்யோ டீச்சர்!" என்று அந்த அக்கா மீன் கையோடு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீங்களா? நீங்க எனக்குச் சொல்லித் தந்த பாடம்லா அது" என்றார். அதைச் சொல்லிச் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போவுது டீச்சர். ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இல்லாமலா போவும். காத்துப்பையில இருக்குன்னு இப்ப தெரிஞ்சு போச்சுல்லா. நான் பாக்குதேன்" என்று அந்த அக்கா சேலைத் தலைப்பால் அவள் மணிக்கட்டில் ஒட்டிய செதிலைத் துடைத்துவிட்டார். இரண்டு தலைகளும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தன.

நான் தப்பித்துவிட்டேன். எவனைக் கேட்டாலும் அதுதான் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டிய நேரம் என்பான்.

"நான்தான் தண்ணியில போட்டேன்" என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "அவ இல்ல. நீங்க உப்புத் தண்ணியிலதான் குடுத்தீங்க. நான்தான் மாத்துனேன்."

அந்த அக்கா என்னைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார். அவள் கீழே குனிந்துகொண்டாள். எதற்கு மாற்றினீர்கள் என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"ஒரு மாசம் பாத்தேன் அண்ணாச்சி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். யாரோ விராலை நீட்டினார்கள். சாம்பலைத் தொட்டுக்கொண்டு வெட்ட உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். பின்னால் இருந்து என் மனைவி, "அவங்க தண்ணியில போடமாட்டாங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அதுக்குத்தான் எம்மேல போட்டுக்கிட்டேன், உங்களுக்கும் மரியாதை, அவங்களுக்கும் மனசு நோவாது. முடிஞ்சு போன விசயத்த எதுக்கு அங்கன போட்டு உடைச்சீங்க?" என்று கேட்டாள்.

மனசாட்சி உறுத்தியது என்று சொன்னேன். அவள் அதை நம்பினாளா என்று தெரியவில்லை. அது உண்மையில்லை. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள், அந்தப் புழுவின் கதையில் நான் குற்றவாளியாகக்கூட இல்லை. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. என் வாழ்க்கையில் நான் துணிந்து சொன்ன ஒரே பெரிய உண்மையையும் பொறாமையில்தான் சொன்னேன்.

அந்த அக்கா அதன்பிறகும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தக் கோடையில் கிடைக்கவில்லை. மழை பெய்து குளங்கள் நிறைந்தன. அடுத்த கோடையிலும் பார்த்தார். பெண் புழு வந்துகொண்டே இருந்தது. ஆண் இல்லை. சிவப்புப் புழு எது கிடைத்தாலும் என் மனைவிக்குப் போன் போட்டு, அவள் வரும்வரை வைத்திருந்து அவள் கையில்தான் தருவார். என்னைப் பார்த்தால் "வாங்க அண்ணாச்சி" என்பார், ஸ்டூலும் போடச் சொல்வார். என் கையில் எதுவும் கொடுத்தனுப்புவதில்லை.

போன மாதம் ஆய்வேட்டைக் கட்டுவதற்கு முன்னால் சரிபார்க்க என்னிடம் தந்தாள். முப்பது வருட எழுத்தர் வேலையில் பக்கம் பக்கமாகப் படித்து, சரியாக இருந்தால் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு குறி போடுவது என் பழக்கம். வெட்கமில்லாமல் முதலில் நன்றிப் பக்கத்தைத்தான் திருப்பினேன். ஒரே வாக்கியத்தில் அந்த அக்காவின் பேரும் என் பேரும் இருந்தன. அவர் பேர் முன்னால். அப்போதும் எனக்குச் சுருக்கென்றது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

புழுவைப் பற்றிய அத்தியாயத்தில் பெண் புழுவின் அளவுகள் நாலு பக்கத்துக்கு இருந்தன. அவற்றுக்குக் கீழே ஒரே வரி: ஆண் புழு கிடைக்கவில்லை, எனவே இனத்தை உறுதிசெய்ய இயலவில்லை.

"கெடச்சுதே" என்றேன். "அந்த அக்கா எடுத்தாங்களே. அவங்க பாத்தாங்கன்னாவது எழுதேன்."

அவள் மேசையில் வேறு தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "பாத்தாங்கன்னு எழுத முடியாதுங்க" என்றாள். "முள்ள அளந்து காட்டணும்."

அவள் குரலில் கோபம் இல்லை. நான் அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். ஓரத்தில் சிவப்புக் குறி போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.